சிக்கிமுக்கிக் கல்: சிறிய சரக்கு சொல்லும் பெரிய பாடம்



அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கும்போது நாம் எவ்வளவு கவனமாக இருக்கிறோம்! கையில் அள்ளிப் பார்க்கிறோம், முகர்ந்து பார்க்கிறோம். ஆனால் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கும் சில்லறைச் சரக்கை அப்படிப் பார்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் மொத்த வியாபாரி ஒருவரிடம் லைட்டர் கல் ஒரு குரோஸ் வாங்கினேன். பாதி தடிமன் கூடுதல், குழாய்க்குள் இறங்கவில்லை. மீதியை அட்டையோடு தொங்கவிட்டேன். நம் ஊர் உப்புக்காற்றில் அது பூத்துப் பொடியாகிவிட்டது. போன பணம் சொற்பம்தான். ஆனால் "உங்க கடைக் கல்லு பத்த மாட்டேங்குது அண்ணாச்சி" என்று வாடிக்கையாளர் திரும்பி வந்தது சொற்பமல்ல.

அதன் பிறகுதான் இந்தக் கல்லின் கதையை விசாரித்தேன். அது ஒரு காலத்தில் கப்பலேறி வந்த பெரிய சரக்கு.

பொறி எப்படிப் பிறக்கிறது?

சிக்கிமுக்கிக் கல்லில் நெருப்பு இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் எரிவது இரும்பு. கல்லின் கூரிய விளிம்பு எஃகைச் சுரண்டும்போது தூள் போன்ற இரும்புத் துகள் சூடேறிக் காற்றில் எரிகிறது. அதுவே பொறி. ஆகவே கல் இரும்பைவிடக் கடினமாகவும், விளிம்பு கூராகவும் இருக்க வேண்டும்.

பழைய சிக்கிமுக்கித் துப்பாக்கியில் நடந்ததும் இதுதான். விசையை இழுத்ததும், குதிரையின் வாயில் கவ்விய கல் பாய்ந்து எஃகுத் தகட்டில் உரசும். தகடு பின்னால் சாய, அடியில் உள்ள சிறு கிண்ணத்து மருந்தில் பொறி விழும். அந்த நெருப்பு ஒரு துளை வழியாகக் குழலுக்குள் போய் வேட்டு கிளம்பும். கல் மோசமானால் குண்டு, மருந்து, ஆள் எல்லாம் இருந்தும் வேட்டு வராது.

கல் தேர்ந்தெடுத்த முறை

இங்கிலாந்தின் பிராண்டன் ஊரில் கரிய கல்லையும், பிரான்சில் தேன் நிறக் கல்லையும் செதுக்கினார்கள். வாங்குவோர் கவனித்தவை இவை:

1. அளவு: படைத் துப்பாக்கிக்கு ஏறக்குறைய ஒன்றேகால் அங்குலம். குதிரை வீரரின் குட்டைத் துப்பாக்கிக்கு அதைவிடச் சிறிது. கைத்துப்பாக்கிக்கு இன்னும் சிறிது. கல் நீளமானால் குதிரையைப் பாதி இழுத்த நிலையிலேயே தகட்டில் முட்டும். குட்டையானால் தகட்டை எட்டாது.

2. அகலம்: தகட்டின் அகலத்துக்கு ஒத்திருக்க வேண்டும். மிஞ்சினால் குழலில் இடிக்கும்.

3. விளிம்பு: நேராக, வெடிப்போ வெள்ளைப் புள்ளியோ இல்லாமல் இருக்க வேண்டும்.

4. பிடிப்பு: கல்லைத் தோல் அல்லது ஈயத் தகட்டில் சுற்றியே குதிரையின் வாயில் வைத்தார்கள். இல்லாவிட்டால் நழுவும், உடையும்.

நல்ல கல்லும் நெடுங்காலம் தாங்காது. அதனால் அது பீப்பாய் பீப்பாயாக, எண்ணிக்கைக் கணக்கில் விற்றது.

நம் மண்ணில்

சாயர்புரம், மெஞ்ஞானபுரம் பக்கத்துத் தேரி மணலில் கற்கால மக்களின் சின்னஞ்சிறு கல் கருவிகள் கிடைத்துள்ளன. கல் தேர்ந்து செதுக்கும் அறிவு நமக்குப் புதிதல்ல. ஆனால் படைகளுக்கு வேண்டிய கல் சுண்ணப் பாறையோடு ஐரோப்பாவில் விளைந்தது. கடலை யார் கையில் வைத்திருந்தார்களோ, அவர்கள் கையில்தான் கல்லும் இருந்தது.

1799 செப்டம்பரில் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கிய கும்பெனிப் படைக்குப் பின்னால் அந்தக் கப்பல் வழி இருந்தது. கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரையின் ஆட்கள் கோட்டையை மீண்டும் எழுப்பினார்கள், தூத்துக்குடியையும் பிடித்தார்கள். ஈட்டியும் வேலும் அவர்களுக்கு உள்ளூர்க் கொல்லரிடம் கிடைத்தன.  மே மாதம் கோட்டை விழுந்தது. 1801 டிசம்பரில் பாளையக்காரர்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று கும்பெனி அறிவித்தது.

தேங்கிய சரக்கு

பிறகு சரக்கின் முறை வந்தது. 1807-ல் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் தட்டினால் வெடிக்கும் மருந்துக்குக் காப்புரிமை பெற்றார். 1840-களில் பிரிட்டிஷ் படை கல்லைக் கைவிட்டு, தட்டினால் வெடிக்கும் செப்புத் தொப்பிக்கு மாறியது. பிராண்டன்காரர்கள் ஓய்ந்துவிடவில்லை, பழைய துப்பாக்கி புழங்கிய ஆப்பிரிக்கச் சந்தையைத் தேடி 20-ஆம் நூற்றாண்டிலும் விற்றார்கள். வாங்குபவரிடம் என்ன கருவி இருக்கிறது என்று அறிந்தவர் பிழைத்தார்.

இன்றைய கல்

1903-ல் ஆஸ்திரிய விஞ்ஞானி ஆவர் வான் வெல்ஸ்பாக் இரும்பும் சீரியமும் சேர்ந்த கலவைக்குக் காப்புரிமை பெற்றார். லைட்டர் கல் அதுதான். இது பெயருக்குத்தான் கல், உண்மையில் உலோகம். இங்கே கதை தலைகீழ்: எஃகுச் சக்கரம் கல்லைச் சுரண்டுகிறது, எரிவது கல். விற்கும் நண்பர்கள் கவனிக்க:

வழக்கமான கல் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் தடிமன். வாங்கும் முன் ஒன்றைக் கடை லைட்டரில் போட்டுப் பாருங்கள். வெண்பொடி படிந்ததை வாங்காதீர்கள். கடலோரக் கடைகளில் அட்டையில் தொங்கவிடாமல், மூடியுள்ள உலர்ந்த புட்டியில் வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோவில்பட்டி, கழுகுமலை வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழிலை நம்பிப் பல குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் நம் வாடிக்கையாளர்களும்கூட. 2021 டிசம்பர் 1 முதல் தீப்பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயானது. மலிவு லைட்டர்கள் அந்தத் தொழிலை நசுக்குவதாக எழுந்த கோரிக்கையை ஏற்று, 20 ரூபாய்க்குக் குறைந்த இறக்குமதி மதிப்புள்ள சிகரெட் லைட்டர்களை 2023 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்தது. 2024 அக்டோபரில் உதிரி பாகங்களின் இறக்குமதிக்கும் தடை வந்தது. ஆகவே லைட்டர் சரக்கைப் பில் இல்லாமல் வாங்காதீர்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்தால், நாளை அதிகாரி கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் விற்ற கடைக்காரர்தான்.

சரக்கு எவ்வளவு சிறியதானாலும், அது எதற்கு, யாருக்கு, எங்கிருந்து என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு வாங்குவோம். பொறி பறக்காத கல், கடையின் பெயரையும் அணைத்துவிடும்.