குறட்டை திடீரென நின்றால் கவனியுங்கள்!

'என் கணவருக்கு வயது 47. சொந்த நிலத்தோடு, டிராக்டர் வைத்து வாடகைக்கும் உழவு ஓட்டுகிறார். படுத்த ஐந்தாவது நிமிடம் குறட்டை ஆரம்பித்துவிடும். அது பழகிவிட்டது. ஆனால், நடுவில் குறட்டை சட்டென்று நின்றுவிடுகிறது. நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருப்பேன். இருபது, இருபத்தைந்து எண்ணியதும், தண்ணீரில் மூழ்கியவர் மேலே வந்ததுபோலத் திணறி மூச்சை இழுப்பார். மறுபடியும் குறட்டை. பகலில் சாப்பிட்ட தட்டின் முன்னாலேயே தூங்கி வழிகிறார். போன மாதம் உழும்போது கண் அசந்து, டிராக்டர் வரப்பில் ஏறி நின்றுவிட்டது. ரத்தக்கொதிப்புக்கு இரண்டு மாத்திரை போட்டும் குறையவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், 'குறட்டை விட்டுத் தூங்குறவன் நல்லாத் தூங்குறான்னு அர்த்தம்'கிறார். மாமியாரும் அதையே சொல்கிறார். இது நோயா? யாரிடம் காட்டுவது?'

பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, வாசகி ஒருவர் எழுதிய கடிதம் இது. சகோதரிக்கு முதலில் ஒரு வார்த்தை: உங்கள் பயம் நியாயமானது. இது நோய்தான். சிகிச்சை உள்ள நோய். இதற்குத் 'தூக்கத்தில் மூச்சுத்தடை' என்று பெயர். ஆங்கிலத்தில் 'ஸ்லீப் ஆப்னியா' என்கிறார்கள்.

தட்டை ஹோஸும் தொண்டையும்

வாய்க்காலில் தண்ணீர் இறைக்கும் ஆயில் இன்ஜினைப் பார்த்திருப்பீர்கள். உறிஞ்சும் பக்கத்தில் சுருள் போட்ட கெட்டியான ஹோஸ் இருக்கும். தண்ணீரைத் தள்ளும் பக்கத்தில், சுருட்டி வைக்கக்கூடிய தட்டை ஹோஸ் இருக்கும். இரண்டையும் மாற்றிப் பொருத்தினால் என்ன ஆகும்? இழுக்கிற வேகத்தில் தட்டை ஹோஸ் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் ஏறாது.

நம் தொண்டையின் மேல்பகுதியும் அந்தத் தட்டை ஹோஸ் போலத்தான். அதைத் தாங்கிப் பிடிக்க எலும்பு வளையம் கிடையாது. விழித்திருக்கும்போது தசைகள் அதை விறைப்பாக வைத்திருக்கின்றன. தூங்கும்போது அந்தத் தசைகள் தளர்கின்றன. மல்லாந்து படுத்தால் நாக்கும் பின்னால் சரிகிறது. பாதை பாதி அடைத்தால், காற்று உரசி அதிர்கிறது. அதுதான் குறட்டை. முழுவதும் அடைத்தால் சத்தமே வராது. ஆக, குறட்டை நின்றதும் 'அப்பாடா' என்று நிம்மதியாகிறோமே, அந்த நேரத்தில் அவருக்கு மூச்சே நின்றிருக்கலாம். நெஞ்சும் வயிறும் ஏறி இறங்கும். ஆனால், மூக்கின் அருகே கை வைத்தால் காற்று இருக்காது.

மூச்சு நின்றதும் ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைகிறது. மூளை அபாயமணி அடித்து உடலை எழுப்புகிறது. தசைகள் இறுகி, பாதை திறந்து, திணறலோடு மூச்சு வருகிறது. இந்த விழிப்பு சில விநாடிதான் என்பதால், காலையில் அவருக்கு எதுவும் நினைவில் இருக்காது. அதனால்தான் 'நான் நல்லாத்தானே தூங்குனேன்' என்று சாதிக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்குத் தெரியாது.

10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்பதை ஒரு தடையாக மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். பாதியளவு அடைப்புகளையும் சேர்த்து, ஒரு மணி நேரத்துக்கு 5 முதல் 15 முறை என்றால் லேசான பாதிப்பு. 15 முதல் 30 என்றால் நடுத்தரம். 30-க்கு மேல் என்றால் கடுமையான பாதிப்பு. 30 என்றே வைத்துக்கொண்டாலும், ஏழு மணி நேரத் தூக்கத்தில் 210 முறை! ஒரு ராத்திரியில் 210 முறை உலுக்கி எழுப்பப்பட்டவர், பகலில் தூங்கி விழாமல் என்ன செய்வார்?

கொதிப்பு ஏன் குறையவில்லை?

தூங்கும்போது ரத்த அழுத்தம் இயல்பாகவே இறங்கும். இதயத்துக்குக் கிடைக்கும் ஓய்வு நேரம் அது. மூச்சுத்தடை உள்ளவர்களுக்கு ஒவ்வொரு முறை மூச்சு நின்று வரும்போதும், உடல் பதறி அழுத்தம் எகிறுகிறது. இரவெல்லாம் இது நடந்தால், பகலிலும் அழுத்தம் இறங்க மறுக்கிறது. இரண்டு, மூன்று மாத்திரை போட்டும் கொதிப்பு அடங்காதவர்களிடம் மூச்சுத்தடை அதிகம் காணப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்டால், மாரடைப்பு, பக்கவாதம், இதயத்துடிப்பு தாறுமாறாவது போன்ற ஆபத்துகள் கூடுகின்றன. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் சிரமமாகிறது.

காலையில் தலைவலி, வாய் வறட்சி, எடுத்ததற்கெல்லாம் எரிச்சல், மறதி, ராத்திரியில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுவது ஆகியவையும் இதன் அறிகுறிகளாக இருக்கலாம்.

நம் விவசாயிகளிடம் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மும்முனை மின்சாரம் ராத்திரியில் வந்தால் மோட்டார் போட எழுந்து போகிறோம். விடிகாலையில் பால் கறக்கிறோம். அதனால் பகல் தூக்கத்தை 'வேலை அலுப்பு' என்று தள்ளிவிடுகிறோம். வித்தியாசம் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. வேலை இல்லாத நாட்களில் முழு ராத்திரி தூங்கிய பிறகும் பகலில் கண் சொக்கினால், காரணம் அலுப்பு மட்டும் அல்ல.

வீட்டிலேயே எட்டுக் கேள்விகள்

கனடாவின் டொரன்டோ நகர மயக்கவியல் மருத்துவர்கள் 2008-ல் வெளியிட்ட எட்டுக் கேள்விகள், இன்று உலகம் முழுக்கப் பயன்படுகின்றன. வீட்டில் இருவர் சேர்ந்து பதில் சொல்லுங்கள்.

1. மூடிய கதவைத் தாண்டிக் கேட்கும் அளவுக்குக் குறட்டையா?
2. பகலில் அடிக்கடி சோர்வு, தூக்கமா?
3. தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா?
4. ரத்தக்கொதிப்பு உண்டா?
5. உடல் எடை மிக அதிகமா?
6. வயது 50-க்கு மேலா?
7. கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா?
8. ஆணா?

மூன்று அல்லது அதற்கு மேல் 'ஆம்' வந்தால், மருத்துவரைப் பார்க்க வேண்டும். கடிதத்தில் சொல்லியிருப்பதை வைத்தே பார்த்தால், இவர் கணவருக்கு ஐந்து 'ஆம்' வந்துவிட்டது.

எங்கே போவது?

போவதற்கு முன் ஒரு வேலை. அவர் தூங்கும்போது, மூச்சு நின்று திணறும் காட்சியைச் செல்போனில் சில நிமிடங்கள் பதிவு செய்யுங்கள். நம்ப மறுப்பவருக்கும் அது காட்டிக்கொடுக்கும், மருத்துவருக்கும் உதவும்.

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் கொதிப்பு மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும் தன்னார்வலரிடமும் இதைச் சொல்லலாம். அடுத்து, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது-மூக்கு-தொண்டை பிரிவு அல்லது நெஞ்சக நோய்ப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். தூக்கப் பரிசோதனை அங்கேயே உண்டா, வேறு இடத்துக்கு அனுப்புவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தலை, நெஞ்சு, விரல், மூக்கு ஆகியவற்றில் கருவிகளைப் பொருத்தி, ராத்திரி முழுக்கத் தூக்கத்தைப் பதிவு செய்வார்கள். ஊசியோ வலியோ இல்லை.

பாதிப்பு நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்தால், 'சிபாப்' என்ற இயந்திரத்தைப் பரிந்துரைப்பார்கள். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் கண்டறிந்து, 1981-ல் வெளியிட்ட முறை இது. மூக்கில் மாட்டும் முகமூடி வழியாக, லேசான அழுத்தத்தில் காற்று போய்க்கொண்டே இருக்கும். தண்ணீர் பாய்ந்ததும் தட்டை ஹோஸ் உருண்டு நிற்கிறதே, அதேபோல் தொண்டை திறந்தே நிற்கும். முதல் சில நாட்கள் சங்கடமாகத்தான் இருக்கும். பழகியவர்களில் பலர், 'இத்தனை வருஷத்துல இப்பத்தான் தூங்குறேன்' என்பார்கள். விலை பல ஆயிரம் ரூபாய் ஆகும். வாடகைக்குக் கிடைத்தால், சில வாரம் பழகிப் பார்த்துவிட்டு வாங்கலாம். மின்வெட்டு உள்ள ஊர் என்றால், இன்வெர்ட்டரில் ஓடுமா என்று கேட்டு வாங்குங்கள்.

இன்றிலிருந்தே செய்யக்கூடியவை

- மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுக்கவும்.
- மது வேண்டாம். குறிப்பாக, 'உடம்பு வலிக்கு' என்று ராத்திரியில் குடிப்பது தொண்டைத் தசையை மேலும் தளர்த்தும். கேட்காமல் வாங்கிப் போடும் தூக்க மாத்திரையும் ஆபத்து.
- எடை கூடுதலாக இருந்தால் குறைக்கவும். 100 கிலோ இருப்பவர் 10 கிலோ குறைத்தால், மூச்சுத்தடை ஏறக்குறைய கால் பங்கு குறைய வாய்ப்புண்டு.
- எந்த அறுவை சிகிச்சைக்கும் முன், மூச்சுத்தடை இருப்பதை மயக்க மருந்து கொடுப்பவரிடம் சொல்லவும்.

வாசகர்கள் கேட்ட வேறு கேள்விகள்

நான் ஒல்லியாகத்தான் இருக்கிறேன். எனக்கும் வருமா?

வரலாம். தாடை சிறியதாகவோ உள்வாங்கியோ இருப்பவர்களுக்கு, எடை இல்லாமலேயே பாதை குறுகலாக இருக்கும்.

பெண்களுக்கு வராதா?

மாதவிடாய் நின்ற பிறகு வாய்ப்பு கூடுகிறது. பெண்களுக்குச் சத்தமான குறட்டையைவிட சோர்வு, தலைவலி, தூக்கமின்மை என்றே தெரியலாம். 'வீட்டு வேலை அசதி' என்று விட்டுவிட வேண்டாம்.

ஏழு வயதுப் பேரன் குறட்டை விடுகிறான்...

தினமும் குறட்டை, வாயால் மூச்சு, படுக்கையில் சிறுநீர், படிப்பில் கவனமின்மை இருந்தால் தொண்டைச் சதை வளர்ந்திருக்கிறதா என்று காட்டுங்கள். பல குழந்தைகளுக்கு அதை அகற்றினாலே சரியாகிவிடும்.

கடிதம் எழுதிய சகோதரிக்குக் கடைசியாக ஒன்று. தூங்குபவருக்குத் தன் நோய் தெரியாது. பக்கத்தில் விழித்திருந்து, இருபது வரை எண்ணிய நீங்கள்தான் ஒரே சாட்சி. பரிசோதனை முடிந்து சிகிச்சை தொடங்கும்வரை, கண் சொக்கும் நேரத்தில் அவரை டிராக்டரில் ஏற விடாதீர்கள். இந்த முறை வண்டி வரப்பில் நின்றது. அடுத்த முறை கிணற்று மேட்டிலோ, ரோட்டிலோ இருக்கக்கூடும். செல்போன் பதிவை அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். இந்த வாரமே கூட்டிப்போங்கள்.