கடல்நீர்த் தொழிலில் தோல் அழற்சி

கடல்நீர்த் தோல் அழற்சி என்பது கடல்நீரிலோ அதில் வாழும் உயிரினங்களோடோ தொடர்ந்து வேலை செய்பவர்களின் தோலில் ஏற்படும் அரிப்பு, எரிச்சல், தடிப்பு, கொப்புளம், புண் ஆகியவற்றைக் குறிக்கும் பொதுப்பெயர் ஆகும். இது ஒரே நோய் அன்று. உப்பு, ஈரம், கொட்டும் உயிரினங்களின் நஞ்சு, முட்கள், நச்சுப் பாசிகள், நுண்ணுயிரிகள் எனப் பல காரணங்களால் இது தோன்றுகிறது. மீனவர்கள், கடற்பாசி சேகரிக்கும் பெண்கள், நண்டு, இறால், மீன் பதப்படுத்தும் தொழிலாளர்கள், கடல்நீர் மீன்தொட்டி பராமரிப்பவர்கள் ஆகியோரிடம் இது காணப்படுகிறது. வெளிப் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் காரணத்திற்கு ஏற்ப மருத்துவம் மாறுபடும். கடலில் கை வைத்த எவ்வளவு நேரத்திற்குப் பிறகு தொல்லை தொடங்கியது என்பது காரணத்தைக் கண்டறிய உதவும் முதல் தடயமாகும்.

தொண்டிக் கடற்கரை

தொண்டி, இராமநாதபுரம் மாவட்டம் திருவாடானை வட்டத்தில் பாக் விரிகுடாவின் கரையில் அமைந்துள்ள பழைய துறைமுக ஊர். இங்குள்ள கடல் ஆழம் குறைந்தது. கடற்புல் படுகைகள் நிறைந்தது. ஆழம் குறைந்த கடலில் பல வேலைகள் நீரில் இறங்கியே செய்யப்படுகின்றன. நண்டு வலையிலிருந்து நண்டைக் கழற்றுவது, கரைவலை இழுப்பது, படகைத் தள்ளுவது என ஒரு நாளின் பெரும்பகுதி கையும் காலும் உப்பு நீரில் ஊறுகின்றன. அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் மற்றும் கடலோரவியல் துறை தொண்டியில் இயங்குகிறது. தெற்கே மண்டபத்தில், 1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம் உள்ளது.

மண்டபம், பாம்பன், இராமேசுவரம் பகுதிகளில் பெண்கள் கடலில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி போன்றவற்றைச் சேகரிக்கின்றனர். பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைப் பறிக்கும்போது விரல்கள் கிழிபடாமல் இருக்கத் துணியைச் சுற்றிக்கொள்வது வழக்கம். தொண்டிக்கு அருகே வளமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவிற்கு 2023இல் அடிக்கல் நாட்டப்பட்டது. பாசி வளர்ப்பு பெருகும்போது கடல்நீரில் நெடுநேரம் நிற்பவர்களின் எண்ணிக்கையும் கூடும் என்பதால், இத்தோல் தொல்லைகளைப் பற்றிய அறிவு இப்பகுதிக்குத் தேவையாகிறது.

நொடிகளில் தொடங்குபவை

நீரில் இருக்கும்போதே சுரீரென்று எரிந்தால் பெரும்பாலும் கொட்டும் உயிரினமே காரணம். இவற்றுள் முதன்மையானவை இழுதுமீன்கள். மீனவர்கள் இவற்றைச் 'சொறி' என்பர். பட்டவுடன் சொறியத் தூண்டுவதால் பெயர் பொருத்தமாகவே உள்ளது. இழுதுமீனின் உணர்கொம்புகளில் ஆயிரக்கணக்கான கொட்டும் உயிரணுக்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் சுருண்ட நுண்குழல் ஒன்று இருக்கிறது. தொட்டவுடன் அது பாய்ந்து தோலில் நஞ்சைச் செலுத்துகிறது. சாட்டையடி பட்டதுபோல் சிவந்த கோடுகள் தோன்றுவது இதன் அடையாளம். இறந்து கரை ஒதுங்கிய சொறியும், வலையில் ஒட்டிய அதன் துண்டும்கூடக் கொட்டும்.

பவளத் திட்டுகளில் காணப்படும் தீப்பவளமும் இவ்வகையிலேயே கொட்டுகிறது. கெளிறு போன்ற மீன்களின் முள்ளும் கடல் முள்ளெலியின் முள்ளும் குத்தினால் உடனே கடும் வலி ஏற்படும். சில கடற்புழுக்களின் மேலுள்ள கண்ணாடித் துகள் போன்ற நுண்மயிர்கள் தோலில் தைத்து எரிச்சல் தரும்.

மணிக்கணக்கில் தொடங்குபவை

கரையேறிய சில மணி நேரத்தில் ஆடை மூடிய இடங்களில் மட்டும் அரிப்பும் சிவப்பும் தோன்றினால் இரு காரணங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்று, ஆடைக்கும் தோலுக்கும் இடையில் சிக்கிய இழுதுமீன் குஞ்சுகள். மற்றொன்று, லிங்பியா என்னும் மயிரிழை போன்ற நச்சுப் பாசி. இப்பாசியால் வரும் தோல் அழற்சி 1958இல் அவாய்த் தீவுகளில் குளித்தவர்களிடம் முதலில் அறியப்பட்டது. இரண்டிலும் ஈர ஆடையுடன் நெடுநேரம் இருப்பது தொல்லையை மிகுவிக்கிறது.

நாட்கணக்கில் வளர்பவை

நெடுநேரம் நீரில் ஊறிய தோல் வெளுத்து மென்மையாகி, தன் காப்புப் படலத்தை இழக்கிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உள்ளது. நீர் காய்ந்தபின் எஞ்சும் உப்புப் படிகங்கள் விரல் இடுக்கிலும் இடுப்பிலும் உரசித் தோலை அறுக்கின்றன. இது தொற்று அன்று. நன்னீரில் கழுவி, துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவினால் பெரும்பாலும் தணியும். ஆனால் இவ்வாறு வெடித்த தோலே கிருமிகளுக்கு வாசலாகிறது.

மீன், நண்டு கையாள்பவரின் விரலில் குத்துப்பட்ட சில நாளில் ஊதா நிறத் தடிப்பு பரவினால் எரிசிபிலோத்ரிக்சு என்னும் நுண்ணுயிரி காரணமாக இருக்கலாம். விப்ரியோ வகை நுண்ணுயிரிகள் இதைவிட விரைவானவை. காயம் பட்ட ஓரிரு நாளுக்குள் வீக்கம் வேகமாகப் பரவி, கருநீலக் கொப்புளமும் காய்ச்சலும் கண்டால் அது உயிருக்கே ஆபத்தான அவசர நிலை. கல்லீரல் நோயும் நீரிழிவும் உடையவர்களுக்கு இந்த இடர் மிகுதி.

வாரக்கணக்கில் வெளிப்படுவது

பலராலும் கவனிக்கப்படாமல் போவது மைக்கோபாக்டீரியம் மாரினம் என்னும் நுண்ணுயிரியால் வரும் தொற்று ஆகும். இது காசநோய்க் கிருமியின் உறவினம். 1926இல் அமெரிக்காவின் பிலடெல்பியா காட்சியகத்தில் இறந்த கடல்மீன்களில் இது கண்டறியப்பட்டது. மனிதத் தோலில் இது புண் உண்டாக்குவது 1951இல் சுவீடனில் நீச்சல்குளத்தைப் பயன்படுத்தியவர்களிடம் அறியப்பட்டது. மீன்தொட்டி வளர்ப்போரிடம் மிகுதியாகக் காணப்படுவதால் 'மீன்தொட்டிக் கட்டி' என்றும் வழங்கப்படுகிறது.

சிறு கீறல் ஆறிய பின், இரண்டு முதல் நான்கு வாரங்கள் கழித்து, சில வேளைகளில் மாதங்கள் கழித்தும், அதே இடத்தில் வலியற்ற சிவந்த கட்டி எழும்பும். பின்னர் அது கையின் மேல்நோக்கி வரிசையாகப் பரவலாம். இக்கிருமி 30 பாகை செல்சியசு அளவில் நன்கு வளர்வதால், உடலின் குளிர்ந்த பகுதிகளான விரலிலும் கையிலும் தங்குகிறது. வழக்கமான 37 பாகையில் செய்யும் ஆய்வில் தென்படாமலும் போகலாம். ஆகவே கடல்நீரில் வேலை செய்வதை மருத்துவரிடம் நோயாளி சொல்லாவிட்டால் நோய் தவறவிடப்படும். கடைகளில் கிடைக்கும் ஸ்டீராய்டு களிம்புகள் இதை மோசமாக்கும். உரிய நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தைப் பல மாதம் உட்கொண்டால் குணமாகும். இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது.

பவளத் தொட்டி வளர்ப்போர்

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைப்பவர்களுக்கும் மேற்சொன்னவை பொருந்தும். தொட்டியின் pH அளவைப் பேணச் சேர்க்கும் சுண்ணாம்பு நீர் கடும் காரத்தன்மை உடையது. தோலையும் கண்ணையும் சுடும். பாலித்தோவா போன்ற பொத்தான் வடிவ உயிரினங்களில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு இருக்கலாம். 1971இல் அவாயில் இது பிரித்தெடுக்கப்பட்டது. இவை ஒட்டிய கல்லைச் சுரண்டுவதும், கொதிநீர் ஊற்றுவதும் நஞ்சைக் காற்றில் கலக்கச் செய்து மூச்சுத் திணறலையும் காய்ச்சலையும் உண்டாக்கும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாறை உருவாக்கும் பவளங்கள், தீப்பவளம், கடல்விசிறி ஆகியவை 2001 முதல் காக்கப்பட்டவை. எனவே மன்னார் வளைகுடாவிலோ பாக் விரிகுடாவிலோ பவளத்தை எடுத்துத் தொட்டியில் வைப்பது குற்றமாகும்.

முதலுதவி

சொறி கொட்டினால் அவ்விடத்தைக் கடல்நீரால் அலச வேண்டும். நன்னீர், சாராயம், சிறுநீர் ஆகியவற்றை ஊற்றுவதும் மணலால் தேய்ப்பதும் எஞ்சிய கொட்டும் அணுக்களை வெடிக்கச் செய்யலாம். ஒட்டிய துண்டுகளை இடுக்கியால் எடுத்தபின், பொறுக்கும் சூட்டில், சுமார் 45 பாகை செல்சியசு வெந்நீரில் 20 முதல் 40 நிமிடம் வைக்கலாம். சூட்டைக் காயப்படாத கையால் சோதிக்க வேண்டும். மீன்முள் குத்திற்கும் இவ்வெந்நீர் முறை ஏற்றது. மூச்சுத் திணறல், மயக்கம், உடல் முழுதும் தடிப்பு ஆகியன தோன்றினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காயங்களுக்கு ஏற்ப வில்வாத நோய்த் தடுப்பூசியும் தேவைப்படும்.

தடுப்பு

கையில் திறந்த காயம் இருந்தால் கடல்நீரில் வைக்காதிருத்தல், தடித்த உறை அணிதல், வேலை முடிந்ததும் நன்னீரிலும் சோப்பாலும் கழுவி விரல் இடுக்குகளை உலர்த்துதல், ஈர ஆடையை உடனே மாற்றுதல் ஆகியவை முதன்மையானவை. மீன்தொட்டி நீரை வாயால் உறிஞ்சி வெளியேற்றக் கூடாது.

கடல்நீர் பட்டால் புண் ஆறும் என்னும் நம்பிக்கை கடலோரத்தில் பரவலாக உள்ளது. சுத்தமான சிறு கீறலுக்கு உப்பு நீரால் பெரும் கேடு நேராமல் போகலாம். ஆனால் இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாத புண்ணும், ஒரே நாளில் பரவும் வீக்கமும் அந்த நம்பிக்கைக்கு விடப்பட வேண்டியவை அல்ல. இரண்டிலும் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது, கை எந்த நீரில் இருந்தது என்பதே.