கரி ஓய்ந்த மலைநகரம்

தென் கொரியாவின் ஹான், நக்டோங் என்னும் பேராறுகள் இரண்டும் ஊற்றெடுக்கும் மலைப்பகுதியில் தேபெக் நகரம் அமைந்துள்ளது. ஜப்பானியர் ஆட்சியில், 1936-ஆம் ஆண்டில், அங்கே ஜாங்சோங் நிலக்கரிச் சுரங்கம் திறக்கப்பட்டது. நம்மைப்போலவே பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்தவர்கள்தாம் அங்கே கரி வெட்டினார்கள்.

அக்கரியைப் பொடித்து, துளைகள் நிறைந்த உருளை வில்லைகளாக வார்ப்பார்கள். கொரிய வீடுகளில் தரைக்கு அடியே அனல் பரவும் ஏற்பாடு உண்டு. எனவே அடுப்பிலிட்ட வில்லை சோற்றையும் வேகவைத்தது. படுக்கும் தரையையும் சூடாக்கியது. கசிந்த நச்சுக் காற்றால் உறக்கத்திலேயே மாண்டவர்களும் பலர்.

1981-இல் சுரங்க ஊர்கள் இரண்டை இணைத்து நகரமாக்கினர். அக்காலத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் அங்கு வாழ்ந்தனர். எண்ணெயும் எரிவாயுவும் வீடுகளில் புகவே, கரிக்குக் கிராக்கி குறைந்தது. 1989 முதல் ஆதாயமற்ற சுரங்கங்களை அரசாங்கம் மூடலாயிற்று. குடும்பங்கள் வெளியேறின, இன்று மக்கள்தொகை 40,000-க்கும் குறைவே.

இப்பகுதியின் வாழ்வுக்கு அரசாங்கம் கண்ட மாற்று, அண்டை மாவட்டத்தில் 2000-இல் திறந்த சூதாட்ட விடுதி! கொரியக் குடிமக்கள் சூதாட அனுமதியுள்ள விடுதி அந்நாட்டில் அது ஒன்றே. உழைத்துப் பழகிய கைகளுக்கு அது ஈடாகும் என்று நாம் கருதவில்லை.

ஜாங்சோங் சுரங்கமும் 2024-இல் மூடப்பட்டது. நுரையீரலில் கரித்தூசு படிந்த முதிய தொழிலாளர்களுக்குச் சிகிச்சை மட்டும் இன்னும் தொடர்கின்றது.