கதை கறுப்பு, முகம் வெளுப்பு

பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிப்பது நல்லேப்பிள்ளிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பழைய வழக்கம். சுவர் அதே சுவர்தான், விரிசல் அதே விரிசல்தான். மேலே சுண்ணாம்பு ஏறியதும் வேறு வீடு மாதிரித் தெரியும். சினிமாவிலும் இப்படி ஒரு வெள்ளையடிப்பு உண்டு. ஆங்கிலத்தில் 'ஒயிட்வாஷிங்' என்கிறார்கள். ஒரு நாவலிலோ சித்திரக் கதையிலோ ஆசியராக, ஆப்பிரிக்கராக, பழங்குடியாக வருகிற பாத்திரத்தைப் படமாக்கும்போது வெள்ளை நடிகருக்குக் கொடுத்துவிடுவதே அது. இது ஹாலிவுட் சமாச்சாரம், நமக்கென்ன என்று நானும் இருந்தவன்தான். அந்தச் சுண்ணாம்பு நம் வீட்டுச் சுவரிலும் இருக்கிறது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் வெளியூர்க் கதை. பேர்ல் பக் எழுதிய 'தி குட் எர்த்' என்ற நாவல் 1931-இல் வந்தது. சீன நாட்டு ஏழை விவசாயி ஒருவனின் குடும்பக் கதை. 1937-இல் அது படமானபோது கணவன் வேடம் பால் முனிக்கும் மனைவி வேடம் லூயிஸ் ரைனருக்கும் போயிற்று. இருவருமே வெள்ளையர். அன்றைக்கு அமெரிக்காவில் புகழுடன் இருந்த சீன வம்சாவளி நடிகை அன்னா மே வோங் அந்த மனைவி வேடத்தை மிகவும் விரும்பினார். கிடைக்கவில்லை. வெள்ளையரும் பிற இனத்தவரும் திரையில் இணையராக வருவதை அக்காலத் தணிக்கை விதி தடுத்து வந்தது. கணவன் வேடத்துக்கு வெள்ளையரைப் போட்டாகிவிட்டது. ஆகவே சீனப் பெண்ணின் வேடத்துக்குச் சீனப் பெண் ஆகமாட்டாள் என்றாயிற்று! வோங்குக்குக் குடும்பத்தைக் கெடுக்க வரும் இரண்டாம் பெண்ணின் வேடத்தைத் தருவதாகச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். ரைனருக்கு ஆஸ்கார் கிடைத்தது. வோங்கின் முகத்தை அமெரிக்க அரசு கால் டாலர் நாணயத்தில் பொறித்தது 2022-இல்தான். அவர் இறந்து 61 ஆண்டுகள் கழித்து.

அந்தக் காலம் அப்படி, இப்போது மாறிவிட்டது என்று சொல்லலாமா? 2010-இல் 'தி லாஸ்ட் ஏர்பெண்டர்' வந்தது. 2005 முதல் 2008 வரை தொலைக்காட்சியில் வந்து குழந்தைகள் விரும்பிப் பார்த்த சித்திரத் தொடரின் தழுவல். தொடரில் வரும் உலகமே ஆசிய உலகம். கட்டாரா, சோக்கா என்ற அண்ணன் தங்கை மாநிறமாக, பனிப்பிரதேசப் பழங்குடிச் சாயலில் இருப்பார்கள். படத்தில் இருவரும் வெள்ளையர். நாயகச் சிறுவனும் வெள்ளையன். ஊரைக் கொளுத்த வரும் எதிரிக் கூட்டத்தில் முக்கிய முகங்கள் மட்டும் தேவ் படேல், ஆசிஃப் மாண்ட்வி என்று நம்மவர்கள்! இதில் நமக்குச் சுருக்கென்று தைப்பது வேறொன்று. படத்தை எடுத்தவர் மனோஜ் நைட் ஷியாமளன். மாஹியில் பிறந்தவர், தந்தை மலையாளி, தாய் தமிழர். சித்திரத் தொடரின் முகங்களை இன்ன இனம் என்று சொல்ல முடியாது என்பதாக அவர் விளக்கம் சொன்னார். ரசிகர்கள் ஏற்கவில்லை. அதே கதை 2024-இல் நெட்ஃபிளிக்ஸில் மறுபடி வந்தபோது ஆசிய, அமெரிக்கப் பழங்குடி வம்சத்துப் பிள்ளைகளே நடித்தார்கள். ஆக, ஆள் கிடைக்கவில்லை என்பது எப்போதுமே காரணமாக இருந்ததில்லை.

இனி நம் எல்லைக்கு வருவோம். பொள்ளாச்சி தாண்டி வால்பாறை, அப்பால் மூணாறு, தெற்கே பீர்மேடு என்று தேயிலைத் தோட்டங்கள். கங்காணி பேச்சை நம்பி மலையேறிய தாத்தா பாட்டி நம்மில் பல குடும்பங்களுக்கு உண்டு. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல், அந்த மக்கள் பட்ட பாட்டை 'ரெட் டீ' என்று ஆங்கிலத்தில் 1969-இல் நாவலாக எழுதினார். இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் தந்தார். அதைத் தழுவி பாலா இயக்கிய 'பரதேசி' 2013-இல் வந்தது. நாவலில் கறுப்பன், வள்ளி. படத்தில் ராசா, அங்கம்மா. பெயரிலிருந்த கறுப்பு போயிற்று. உடம்பிலிருந்த கறுப்போ மேக்கப் பெட்டியிலிருந்து வந்தது. அங்கம்மாவாக நடித்த வேதிகா உடம்புக்குக் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு நடித்தார். 2021-இல் வந்த 'ஜெய் பீம்' படத்திலும் இருளர் பெண் செங்கேணியாக வந்த லிஜோமோள் ஜோஸ் நிறத்தைக் கறுப்பாக்கிக்கொண்டுதான் நடித்தார். அவர் நம் இடுக்கி மாவட்டத்துப் பீர்மேட்டுக்காரர். அந்த நடிப்பைப் பார்த்து அழாதவர் குறைவு. நடிகர்கள் உழைப்பில் குறையே இல்லை. அவர்கள் மேல் பழி சொல்லவும் நான் வரவில்லை. கறுத்த மக்கள் கோடிக்கணக்கில் வாழும் நாட்டில் கறுத்த நாயகி வேண்டுமென்றால் ஏன் சாயம் தேட வேண்டியிருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

நடிப்பு என்றாலே வேஷம்தானே, சாயம் பூசினால் என்ன என்று சிலர் கேட்பாங்க. நியாயமான கேள்வி. பாலக்காட்டுக்காரர்களுக்குக் கதகளியே பதில் சொல்லும். அங்கே தேவனுக்கும் அசுரனுக்கும் அரசனுக்கும் காட்டாளனுக்கும் எல்லாருக்கும் சாயம் உண்டு. பூசாத சொந்த முகத்தோடு யாரும் மேடை ஏறுவதில்லை. சினிமாவில் அப்படி இல்லை. அது ஒருவழிப் பாதை. சிவந்தவர் கறுத்தவராக வரலாம். கறுத்தவர் சிவந்தவராக வருவது கிடக்கட்டும், கறுத்தவராக வருவதற்கே இடமில்லை.

மீறி வந்த ஒருத்திக்கு என்ன நடந்தது என்பதற்கு நம் கேரளமே சாட்சி. மலையாளத்தின் முதல் படம் 'விகதகுமாரன்'. வெளியான ஆண்டை 1928 என்றும் 1930 என்றும் சொல்வார்கள். எடுத்தவர் ஜே.சி. டேனியல், நாயகி பி.கே. ரோசி. புலையர் சமூகத்துப் பெண்ணான ரோசி, படத்தில் நாயர் பெண் சரோஜினியாக வந்தார். திருவனந்தபுரத்தில் படம் ஓடியபோது மேல்சாதியார் திரை மீது கல்லெறிந்தார்கள். அவர் குடிசைக்கும் தீ வைக்கப்பட்டது. உயிர் தப்பி லாரியில் ஏறித் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தவர், பெயரை மாற்றிக்கொண்டு கடைசிவரை வெளியே தெரியாமலே வாழ்ந்து மறைந்தார். அவர் நடித்த அந்தப் படமும் இன்று இல்லை. இந்தக் கதையைச் சொல்லும் 'செல்லுலாய்ட்' என்ற மலையாளப் படமும் 'பரதேசி'யும் ஒரே ஆண்டில், 2013-இல் வந்தவை. ஒரு படம் நாம் துரத்திய பெண்ணுக்காகக் கண்ணீர் விட்டது. மறு படம் நாயகிக்குச் சாயம் பூசியது. நம் மனசு இரண்டு பக்கமும் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறென்ன சொல்ல?

இதை எழுத வைத்தது ஒரு சின்னச் சம்பவம். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு பள்ளி ஆண்டு விழாவில் கண்ணகி நாடகம். தமிழ் உச்சரிப்புச் சொல்லித்தர என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு பெண் குழந்தை, அஞ்சாங்கிளாஸ், வழக்குரை வசனம் முழுவதையும் இரண்டே நாளில் மனப்பாடம் செய்துவிட்டது. குரல் கணீரென்று இருந்தது. நல்ல கறுப்பு. மூன்றாம் நாள் கண்ணகி வேஷம் வேறொரு குழந்தைக்குப் போயிற்று. "லைட் போட்டா முகம் எடுக்காதுங்க மாஷே" என்றார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் குழந்தை அழவில்லை. "அப்ப நான் எந்த வேஷம் போடட்டும் மாஷே?" என்று மட்டும் கேட்டது. மதுரை நகரத்துக் கூட்டத்தில் ஒருத்தியாக நின்றது. புது கண்ணகிக்கு வசனம் மறந்தபோது கூட்டத்திலிருந்து அதுதான் எடுத்துக் கொடுத்தது.

லைட் போட்டால் எடுக்காது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். அதிலும் ஒரு வரலாறு இருக்கிறது. கோடாக் நிறுவனம் படச்சுருளின் நிறம் சரியாக வருகிறதா என்று பார்க்க ஆய்வுக்கூடங்களுக்கு ஓர் அட்டை அனுப்பும். 'ஷெர்லி அட்டை' என்று பெயர். அதில் வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். பல பத்தாண்டுகள் அவள் தோல் நிறம்தான் அளவுகோல். அதற்கேற்பக் கழுவிய படத்தில் கறுத்த முகங்கள் கரிக்கட்டையாகத் தெரிந்தன. சாக்லேட், மரச்சாமான் விளம்பரம் எடுத்தவர்கள் தங்கள் சரக்கின் பழுப்பு நிறம் சரியாக விழவில்லை என்று குறை சொன்ன பிறகே படச்சுருளைத் திருத்த முனைந்தார்கள் என்று அந்நிறுவனத்தில் இருந்தவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். கறுத்த மனிதர்கள் அதுவரை பொறுத்துக்கொண்டார்கள், சாக்லேட்தான் பொறுக்கவில்லை! எடுக்காதது முகம் அல்ல, அளவுகோல். இன்றைய டிஜிட்டல் கேமராவுக்கும் நல்ல விளக்கமைப்புக்கும் அந்தச் சாக்கும் கிடையாது.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே உறைக்க வேண்டும். மலையாளப் படத்தில் தமிழனை 'பாண்டி' என்று கேலிப் பாத்திரமாக்கினால் நமக்குக் கோபம் வருகிறது. வர வேண்டியதுதான். அதே கோபம் நம் வீட்டுக் கல்யாணத்துக்குச் சிவந்த பெண் தேடும்போதும், பிள்ளைகளின் நாடகத்துக்கு வேஷம் பிரிக்கும்போதும் வருகிறதா? குழந்தைகளோடு அடுத்த படம் பார்க்கும்போது இரண்டே கேள்வி கேட்டுப் பழக்குங்கள்: இது யாருடைய கதை? இதில் வேலை யாருக்குக் கிடைத்திருக்கிறது? இரண்டுக்கும் பதில் வேறு வேறாக இருந்தால் ஏன் என்று குழந்தைகளே கேட்பார்கள்.

அந்தப் பள்ளியிலிருந்து இந்த வருஷமும் கூப்பிட்டிருக்கிறார்கள். வருகிறேன், ஆனால் முதலில் எல்லாக் குழந்தைகளையும் வசனம் சொல்லச் சொல்லிக் கேட்போம், அப்புறம் வேஷம் பிரிப்போம் என்று சொல்லியிருக்கிறேன். சரிங்க மாஷே என்றார்கள். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அந்தக் குழந்தை இப்போது வேறு பள்ளிக்கூடத்தில் பத்தாவது படிக்கிறது.