தோல்வியிலும் தோன்றும் திறம்

விளையாட்டுப் போட்டியொன்று முடிவுற்றதும் வென்றார் யார், தோற்றார் யார் என வினவுதல் உலக வழக்கு. அவ்வளவில் நில்லாது, தோற்ற கூட்டத்தாருள் பெயர்பெற்ற வீரனொருவன் இருப்பின் அவனையே தோல்விக்குக் காரணனாக்கிப் பழித்தலும் வழக்காகிவிட்டது. திருவள்ளூரிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் நாடோறும் புகைவண்டியேறிக் கல்லூரிக்கு வரும் மாணாக்கர், கூடைப்பந்துப் பந்தயத்திற்கு மறுநாள் வழிநெடுகப் பேசிவருவதும் பெரும்பாலும் இதுவே. “அத்துணைப் புகழ்பெற்றவன் ஏன் வெற்றி தேடித் தரவில்லை?” என்னும் வினா எளிது, விடையோ எளிதன்று. தோற்ற வீரனது உழைப்பை எவ்வாறு அளந்தறிவது என்பதை உண்மை நிகழ்ச்சியொன்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

தமிழ்நாடு ஈன்ற டென்னிஸ் வீரருள் தலையாயவருள் ஒருவர் இராமநாதன் கிருஷ்ணன். 1937-ஆம் ஆண்டு நாகர்கோவிலிற் பிறந்து, தந்தையார் டி. கே. இராமநாதனிடமே ஆட்டம் பயின்று, சென்னை இலயோலாக் கல்லூரியிற் கற்றவர். 1954-ல் விம்பிள்டன் இளைஞர் பட்டத்தை வென்றார். 1960, 1961 ஆகிய ஈராண்டும் அங்கே ஆடவர் ஒற்றையர் அரையிறுதியை எட்டினார். இத்தகையவர் முன்னின்று ஆடியும், 1966 டிசம்பரில் மெல்போர்ன் நகரில் நிகழ்ந்த டேவிஸ் கோப்பை இறுதிப் போரில் ஆஸ்திரேலியா நான்கு பந்தயங்களையும் இந்தியா ஒன்றையும் வென்றன. தாம் ஆடிய ஒற்றையர் பந்தயம் இரண்டிலும் கிருஷ்ணன் ஒரு செட்டேனும் வென்றாரல்லர். எண்களை மட்டும் நோக்குவார்க்கு இது பெருங்குறையாகவே தோன்றும்.

அக்குறையை ஆராயுமுன் போட்டியின் அமைப்பை அறிதல் வேண்டும். அக்காலத்தில், முந்திய ஆண்டு கோப்பை வென்ற நாடு தன்னிலத்திலேயே காத்திருக்கும். ஏனைய நாடுகள் தமக்குள் மோதி, எஞ்சிய ஒன்றே அங்குச் சென்று அறைகூவும். முதல்நாள் ஒற்றையர் பந்தயம் இரண்டு. இரண்டாம்நாள் இரட்டையர் பந்தயம் ஒன்று. மூன்றாம்நாள் எதிராளிகளை மாற்றி மீண்டும் ஒற்றையர் இரண்டு. இவ்வைந்தனுள் மூன்றை வென்றவர்க்கே கோப்பை. ஒவ்வொரு பந்தயத்திலும் மூன்று செட்டுகளை வெல்லுதல் வேண்டும். இக்காலத்து டைபிரேக்கர் முறை அன்று இல்லையாதலின், இரண்டு ஆட்டம் முன்னேறினாலன்றிச் செட்டு முடிவுறாது.

இனி, எதிர்நின்றார் யாவர் எனப் பார்ப்போம். ராய் எமர்சன், பிரெட் ஸ்டோலி ஆகிய இருவரும் 1964, 1965 ஆகிய ஈராண்டும் விம்பிள்டன் இறுதிப் பந்தயத்தில் ஒருவரையொருவர் எதிர்த்தவர்கள். ஸ்டோலி 1966-ல் அமெரிக்கப் பட்டத்தையும் வென்றிருந்தார். இரட்டையர் பந்தயத்திற்கு மட்டுமென நின்ற ஜான் நியூகோம், டோனி ரோச் என்போர் 1965-ல் விம்பிள்டன் இரட்டையர் பட்டம் பெற்றவர்கள். ஆகவே ஆஸ்திரேலியா நால்வரைக் களத்திலிறக்கியது. இந்தியாவின் பொருட்டு மூன்று நாளும் ஆடினவரோ கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் ஆகிய இருவரே.

முதல்நாள் இரண்டு பந்தயங்களும் பறிபோயின. மேலும் ஒன்றை இழப்பின் யாவும் முடிந்துவிடும் என்னும் நிலையில், இரண்டாம்நாள் இவ்விருவரும் நியூகோம், ரோச் இணையை 4–6, 7–5, 6–4, 6–4 என வென்றனர். முதற்செட்டை இழந்தும் மனந்தளராது பெற்ற வெற்றி இது. அன்று எமர்சனும் ஸ்டோலியும் இளைப்பாறியிருந்தனர். கிருஷ்ணனோ 42 ஆட்டங்கள் ஆடி முடித்தார். மறுநாள் எமர்சன்முன் நின்றபொழுது 0–6, 2–6 என இரு செட்டுகளை இழந்தார். எவரும் கைவிடத்தக்க நிலை அது. ஆயினும் மூன்றாம் செட்டைப் பதினெட்டு ஆட்டங்கள் வரை நீட்டி, 8–10 என்ற கணக்கிலேயே விட்டுக்கொடுத்தார். முயற்சி குன்றியவன் ஆட்டம் இவ்வாறு வளர்ந்து முடியுமோ?

அன்றியும், மெல்போர்ன் சென்றடைந்ததே இவர் உழைப்பின் பயன் என்பதை மறத்தலாகாது. அவ்வாண்டு அமெரிக்காவை வீழ்த்தியிருந்த பிரேசில் நாட்டைக் கல்கத்தாவில் எதிர்த்தபொழுது, இரு நாடுகளும் இரண்டிரண்டு பந்தயங்களை வென்று சமமாய் நின்றன. இறுதிப் பந்தயத்தில் தாமஸ் காக் என்பாரிடம் கிருஷ்ணன் இரண்டு செட்டுகளை இழந்து, நான்காம் செட்டிலும் 2–5 எனப் பின்தங்கினார். அங்கிருந்து மீண்டு அச்செட்டை 7–5 எனவும் அடுத்ததை 6–2 எனவும் வென்றார். அதனாலன்றோ இந்தியா முதன்முறையாக இறுதிக்கட்டத்தை அடைந்தது! அடையாதிருப்பின் தோல்வியுமில்லை, பழியுமில்லை.

கூடைப்பந்திலும் இதற்கு ஒப்புமை உண்டு. 1969-ல் அமெரிக்க என்.பி.ஏ. இறுதிப் போட்டியில் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணி, ஏழாம் பந்தயத்தில் 106–108 எனப் பாஸ்டன் அணியிடம் தோற்றது. அப்பந்தயத்தில் ஜெர்ரி வெஸ்ட் தொடைத்தசை நோவோடும் ஆடி 42 புள்ளிகள் எடுத்தார். இறுதிப்போட்டியின் மிகச் சிறந்த வீரர்க்கென அவ்வாண்டே ஏற்படுத்தப்பட்ட பரிசு, தோற்ற அணியினராகிய அவர்க்கே அளிக்கப்பட்டது. கூட்டத்தார் வெற்றி வேறு, தனிவீரன் திறம் வேறு என்பதை நடுவர்கள் உணர்ந்தமைக்கு இது சான்று.

கிருஷ்ணன் தோற்கவில்லை என்பது எம் வாதமன்று. எமர்சன் அன்று அவரினும் நன்றாகவே ஆடினார். முதற்செட்டில் ஓர் ஆட்டமும் கிட்டாதது உண்மையே. ஆனால் ஒருவனை அளக்குங்கால் அவன்மீது எவ்வளவு சுமை ஏற்றப்பட்டது, நம்பிக்கை அற்றவிடத்தும் அவன் என் செய்தான் என்னும் இரண்டையும் வினவுதல் கடன். சிறுவிலங்கைத் தவறாது கொன்ற கணையினும், பெருங்களிற்றை நோக்கி எறிந்து குறிதவறிய வேலை ஏந்துதலே பெருமை என்பது வள்ளுவனார் படைச்செருக்கிற் கூறிய கருத்து.

இந்தியா டேவிஸ் கோப்பையின் இறுதிக்கட்டத்தை மும்முறை எட்டியுள்ளது. 1974-ல் தென்னாப்பிரிக்காவின் நிறவெறியைக் கண்டித்து ஆட மறுத்தது. 1987-ல் சுவீடனிடம் ஐந்து பந்தயங்களையும் இழந்தது. ஆகவே இறுதிக்கட்டத்தில் இந்தியர் இதுவரை வென்ற பந்தயம் ஒன்றே. அது 1966-ல் மெல்போர்னில் கிருஷ்ணனும் முகர்ஜியும் வென்றதேயாம். அடுத்த பந்தயத்தில் நம் கல்லூரி வீரனொருவன் தோற்றுத் திரும்புங்கால், அவனைப் பழிக்குமுன் அவன் ஆடிய ஆட்டம் முழுவதையும் எண்ணிப் பார்ப்போமாக.