முதல்ல பாவு, அப்புறம் தார்

எங்க ஊர் ஆரணி. பட்டு நெசவு நடக்கிற தெருக்களில் விடியற்காலையிலேயே பாவை நீளமா இழுத்துக் கட்டுவாங்க. ரெண்டு பக்கமும் ஆட்கள் நின்று, அறுந்த இழைகளைத் தேடி முடிச்சுப் போட்டு, கஞ்சி தடவுவாங்க. வெயில் ஏறினா கஞ்சி சீக்கிரம் காய்ந்து இழை அறுக்கும், தெருவில் வண்டியும் வந்துடும். அதனால் அதுதான் முதல் வேலை. நாடாவுக்குள் வைக்கிற தாரை மத்தியானம்கூடச் சுத்திக்கலாம்.

நான் தினமும் தார்தான் சுத்திட்டு இருந்தேன். லேப்டாப் திறந்ததும் மெயில், சாட், சின்னச் சின்ன பக். 11 மணிக்குள்ள 10 வேலை முடிச்ச திருப்தி வேற! அப்பாவுக்குக் கண் டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்குறது மட்டும் 6 மாசமா லிஸ்ட்டில் அப்படியே கிடந்தது. அதுக்கு டெட்லைன் கிடையாது, யாரும் ரிமைண்டர் அனுப்பலை. போன வாரம் ஊருக்குப் போனப்போ, புதுப் பாவைப் பிணைக்க அப்பா அம்மாவைக் கூப்பிட்டார். இழை தெரியலையாம்.

இப்போ லேப்டாப்பைத் திறக்குறதுக்கு முன்னாடி ஒரே கேள்விதான்: இன்னிக்கு பாவு எது? பெரும்பாலும் நான் தொடப் பயப்படுற வேலையாத்தான் இருக்கு. திங்கட்கிழமை காலையில் முதல் போன் கண் ஆஸ்பத்திரிக்கு. 4 நிமிஷம்தான் ஆச்சு. சனிக்கிழமை அப்பாவை வேலூருக்குக் கூட்டிட்டுப் போறேன்.