ஒளிரும் சாயமும் பாதரசமும்

சிறுநீரில் புரதம் கசிந்து, கால் வீங்கி வந்த ஓர் அம்மையாரின் மகன் தம் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். நிறமற்ற கரைசலில் பாதரசம் கலந்த நீர் ஒரு சொட்டு விழுந்ததும், அது இளஞ்சிவப்பாகி ஒளிர்ந்தது. "டாக்டர், அம்மா பூசும் சிவப்பழகு கிரீமை இப்படிச் சோதித்துவிடலாமா?" என்றார்.

காணொளி பொய்யன்று. இவ்வகை உணரிகள் பல, ரோடமின் குடும்பச் சாயங்களிலிருந்து செய்யப்படுபவை. (2024இல் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய் தடைசெய்யப்படக் காரணமான ரோடமின்-பி இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.) சாய மூலக்கூற்றில் ஒரு வளையத்தை மூடிவைத்தால் நிறமும் ஒளியும் அடங்கிவிடும். அங்கே ஒரு கந்தக அணுவைப் பொருத்துவார்கள். பாதரசத்திற்குக் கந்தகத்தின்மீது தீராத நாட்டம். அதைப் பற்றியவுடன் வளையம் திறக்கிறது, சாயம் ஒளிர்கிறது.

பாதரசம் நஞ்சாவதற்கும் இந்த நாட்டமே முக்கியக் காரணம். நம் புரதங்களிலும் கந்தகம் உண்டு. பாதரசம் அதைப் பற்றிக்கொண்டால் புரதம் செயலிழக்கும். உடலில் அது மிகுதியாகத் தங்கும் இடம் சிறுநீரகம். செல்லைச் சிதைத்து அளக்கும் முறைகள் மொத்த அளவை மட்டுமே கூறும். உயிருள்ள செல்லுக்குள் பாதரசம் எங்கே இருக்கிறது என்பதை நுண்ணோக்கியில் காட்டுவது ஒளிர் உணரியின் தனிச்சிறப்பு.

ஆயினும் வீட்டுச் சோதனைக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. வெள்ளி போன்ற பிற உலோகங்களும் சில உணரிகளை ஒளிரச் செய்யும். கிரீமின் எண்ணெய்ப் பசை ஒளியை மறைக்கவும் கூடும். குடிநீரில் இந்தியத் தர அமைப்பு அனுமதிக்கும் பாதரசம் லிட்டருக்கு 0.001 மில்லிகிராம் மட்டுமே. ஒளிரவில்லை என்பதற்காக அவ்வளவு நுண்ணிய அளவும் இல்லை என்று நம்பிவிட முடியாது.

கிரீமிலிருந்து உடலில் சேர்ந்த பாதரசத்தை அறியச் சிறுநீர்ப் பரிசோதனையே ஏற்றது. மீன் வழியாகச் சேர்வதை அறிய இரத்தம் வேண்டும். சிறுநீரை நாங்கள் தரும் கலத்திலேயே சேகரியுங்கள். கிரீம் தீர்ந்திருந்தாலும் குழாயைக் கொண்டுவாருங்கள். அதில் "கலோமெல்" என்றிருந்தால் அது பாதரசமே. எதுவும் அச்சிடப்படாமலும் இருக்கலாம். பூச்சை நிறுத்தியபின் பலருக்குப் புரதக் கசிவு படிப்படியாகக் குறைகிறது. அதற்குச் சில மாதங்கள் ஆகலாம். தலையணை உறை, துண்டு வழியாக வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் பாதரசம் சேரும்.

அம்மையாரின் சிறுநீரில் பாதரசம் மிகுந்திருந்தது. மகன் மறுவாரம் மூன்று காலிக் குழாய்களுடன் வந்தார். அவற்றுள் ஒன்று, கல்லூரியில் படிக்கும் தங்கையுடையது. அவரையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்.